720 அச்சிடும் நிரலும் 204 என்ற பைட்டும்

ஆறின் ஃபாக்டோரியல் 720. சி மொழி கற்ற எவரும் முதல் சில வாரங்களிலேயே இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருப்பார்கள்: தன்னையே அழைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன், அதைக் கூப்பிடும் மெயின், விடையை அச்சிட ஒரு பிரின்ட்எஃப். ஜிடிபி டீபக்கரின் மூலநிரலோடு வரும் சோதனைத் தொகுப்பைத் திறந்தால், பிரேக்பாயிண்ட்டுகளைச் சோதிக்க வைத்திருக்கும் அடிப்படை நிரலும் கிட்டத்தட்ட இதேதான். பிரேக் டாட் சி என்ற அந்தக் கோப்பில் ஃபாக்டோரியல் இருக்கிறது. 6 என்ற எண்ணை நேரடியாகக் கொடுக்காமல், எழுத்தாகக் கொடுத்து ஏடிஓஐ மூலம் எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். மார்க்கர்1, மார்க்கர்2 என்று உருப்படியாக எதுவும் செய்யாத சில ஃபங்ஷன்கள் வேறொரு கோப்பில் கிடக்கின்றன. எந்த வரியில் பிரேக்பாயிண்ட் வைக்க வேண்டுமோ அந்த வரியிலேயே அதைச் சொல்லும் குறிப்புரை ஒன்று உண்டு. சோதனை ஸ்கிரிப்ட் அந்தக் குறிப்புரையைத் தேடி வரி எண்ணைத் தானே தெரிந்துகொள்ளும். நாளைக்கு யாராவது கோப்பின் தலையில் நான்கு வரி பதிப்புரிமை வாசகம் சேர்த்தாலும் சோதனை குலையாது.

அத்தனை பெரிய கருவியைச் சோதிக்க இத்தனை சின்ன நிரலா என்று தோன்றலாம். சின்னதாக இருப்பதுதான் அதன் தகுதி. விடையைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஃபங்ஷனுக்குள் எத்தனை முறை நுழையும் என்று விரல்விட்டு எண்ணலாம். டீபக்கர் சொல்வது சரியா என்று டீபக்கரையே கேட்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப்போவது இதைத்தான்: பிரேக்பாயிண்ட் ஒழுங்காக வேலை செய்ததா என்பதற்கு டீபக்கர் திரையில் காட்டும் வாசகம் பாதிச் சாட்சிதான். மீதியை, ஓடிய நிரலின் வாயிலிருந்து வாங்க வேண்டும்.

ஏனென்றால் பிரேக்பாயிண்ட் நமக்கு மூன்று விதமாக வாக்குக் கொடுக்கிறது. சொன்ன இடத்தில் நிறுத்துவேன் என்கிறது. அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் நிறுத்துவேன் என்கிறது. மற்ற நேரத்தில் நிரல் தன்பாட்டுக்கு ஓடும், நான் இருப்பதே அதற்குத் தெரியாது என்கிறது. முதலாவதை எல்லோரும் சோதிக்கிறார்கள், இரண்டாவதைச் சிலர். மூன்றாவது முழுசாகக் காப்பாற்றப்படுவதே இல்லை. சுவாரசியமெல்லாம் அங்கேதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940களின் நடுவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் எனியாக் கணினியை இயக்கிய பெண்களில் ஒருவரான பெட்டி ஸ்னைடர், பிற்பாடு பெட்டி ஹோல்பர்டன், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை நிறுத்தக் கையாண்ட வழி மிக எளிது: அந்த இடத்தின் கம்பியைப் பிடுங்கிவிடுவது. இயந்திரம் நிற்கும், பதிவாகியிருக்கும் எண்களைப் படித்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் ஸ்டான்லி கில் வேறு வழியில் போனார். நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் இன்னொரு நிரல் எடுத்து நிறைவேற்றி, நடந்ததை அச்சடித்துக்கொண்டே போகும் உத்தியை 1951இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். எம்ஐடியில் டிஎக்ஸ்-0 கணினிக்கு ஃபிளிட், பிறகு பிடிபி-1 கணினிக்கு டிடிடி. இரண்டும் பூச்சிமருந்துகளின் பெயர்கள். டிடிடி, நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, தன்னிடமே தாவிவரும் கட்டளையை அங்கே எழுதிவைக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய ஜிடிபியும், இன்று விஷுவல் ஸ்டுடியோ கோடில் வரி எண்ணுக்குப் பக்கத்தில் சொடுக்கினால் தோன்றும் சிவப்புப் புள்ளியும், சி நிரல் என்று வரும்போது அடியில் செய்வது அதே ஆள்மாறாட்டம்தான்.

அந்த ஆள்மாறாட்டத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இன்டெல் வகைப் புரொசசர்களில் 1978இன் 8086 காலத்திலிருந்தே ஒரு பைட் நீளமுள்ள தனிக் கட்டளை ஒன்று உண்டு. அதன் எண் 204, ஹெக்ஸில் சிசி. புரொசசர் அதைச் சந்தித்ததும் வேலையை விட்டுவிட்டு இயங்குதளத்தைக் கூப்பிடும். லினக்ஸில் இயங்குதளம் அதை சிக்ட்ராப் என்ற சிக்னலாக்கி, கண்காணித்துக்கொண்டிருக்கும் டீபக்கரிடம் ஒப்படைக்கும். இதே வேலைக்கு இரண்டு பைட் நீளத்தில் பொதுவான குறுக்கீட்டுக் கட்டளையும் இருக்கிறதே, அது போதாதா? போதாது. இந்தப் புரொசசர்களில் ஒரே பைட் நீளமுள்ள கட்டளைகள் பல. அப்படிப்பட்ட ஒன்றின் மேல் இரண்டு பைட் எழுதினால் பக்கத்துக் கட்டளையின் தலை போய்விடும். அந்தப் பக்கத்துக் கட்டளைக்கு வேறெங்கிருந்தோ ஒரு தாவல் வந்தால், அது பாதிக் கட்டளையில் வந்து விழும். டீபக்கர் தொடாத இடத்தில் நிரல் செத்துக்கிடக்கும்.

இதை நம் ஃபாக்டோரியல் நிரலே காட்டிக்கொடுக்கும்படி செய்யலாம். சி மொழியில் ஃபங்ஷனின் முகவரியை ஒரு பைட் பாயிண்டராக மாற்றிக்கொள்ள முடியும். ஃபாக்டோரியலை அழைப்பதற்கு முன்னால், அந்த ஃபங்ஷனின் முதல் 16 பைட்டுகளை மெயின் அச்சிடட்டும். உபுண்டுவில் 64 பிட் ஜிசிசி கொண்டு, ஆப்டிமைசேஷன் இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்து சும்மா ஓடவிட்டால் இந்த வரிசை வரும்: 243 15 30 250, 85, 72 137 229, 72 131 236 16, 137 125 252, 131. கம்பைலர் பதிப்புக்கு ஏற்ப எண்கள் மாறலாம், கதை மாறாது. முதல் நான்கும் பாதுகாப்புக்கான முத்திரைக் கட்டளை. அடுத்த எட்டு பைட்டுகளில் ஸ்டாக் ஃப்ரேமைக் கட்டும் வேலை. பிறகு மூன்று பைட்டில், வந்த மதிப்பை ஸ்டாக்கில் சேமிக்கும் கட்டளை. பதினாறாவதான 131, 'இந்த எண் 1ஐ விடப் பெரிதா' என்ற ஒப்பீட்டின் முதல் பைட். நாம் எழுதிய நிரலின் முதல் வரி உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

இனி ஜிடிபிக்குள் போய், ஃபங்ஷன் பெயரைச் சொல்லி பிரேக்பாயிண்ட் வைத்து ஓடவிடுங்கள். வரிசையின் கடைசி எண் 131 அல்ல, 204. டீபக்கர் ஒளித்த பைட்டை நிரலே எடுத்து அச்சிட்டுவிட்டது. நின்ற இடத்திலிருந்து ஜிடிபியிடமே அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கூசாமல் 131 என்று சொல்லும். அது பொய்யுமல்ல. நிரல் நிற்கும்போதெல்லாம் ஜிடிபி பழைய பைட்டுகளைத் திரும்ப வைத்துவிடும், ஓடவிடும்போது மறுபடி மாற்றும். மாற்றியே வைத்திருக்கும்படி அமைத்தாலும் நமக்குக் காட்டும்போது பழையதைத்தான் காட்டும். இரண்டு சாட்சிகளும் வேறு வேறு சொல்கின்றன, நடந்தது என்ன என்பது இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் தெரிகிறது. பிரேக்பாயிண்ட் பற்றி ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். தன் கட்டளைகளின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக்கொள்ளும் நிரல்கள், அதாவது திருட்டுப் பிரதியைத் தடுக்க முயலும் மென்பொருள்களும் சில வைரஸ்களும், டீபக்கரை மோப்பம் பிடிப்பது இதே வழியில்தான்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் நீட்டலாம். ஜிடிபிக்குள் நிரல் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் அதே கோப்பைத் தனியாக ஓடவிட்டால் அங்கே 131தான் வரும். இரண்டு பிராசஸ்களும் வட்டிலிருக்கும் ஒரே கோப்பின் பக்கங்களைப் பகிர்ந்துகொண்டாலும், டீபக்கர் கைவைத்த கணத்தில் லினக்ஸ் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப்பிரதி எடுத்துவிடுகிறது. அதனால்தான் பலர் பயன்படுத்தும் சர்வரில் ஒருவர் பொது லைப்ரரிக்குள் பிரேக்பாயிண்ட் வைத்தாலும் மற்றவர்களின் வேலை நிற்பதில்லை.

நின்றபிறகு நடக்கும் வேலை இன்னும் நுட்பமானது. 204ஐ நிறைவேற்றிவிட்ட புரொசசர் அதற்கு அடுத்த பைட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். டீபக்கர் முகவரியில் ஒன்றைக் கழித்து, பழைய 131ஐ வைத்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டி, மறுபடி 204ஐ எழுதி, பிறகே முழுசாக ஓடவிட வேண்டும். ஒன்றைக் கழிக்க மறந்தால்? 131க்கு அடுத்து நம் நிரலில் இருப்பவை 125, 252. ஒப்பீட்டுக் கட்டளையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டிய இவற்றைப் புரொசசர் தனிக் கட்டளையாகப் படித்தால், 'பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் நான்கு பைட் பின்னால் தாவு' என்று பொருள். நம் நிரலில் எங்கும் எழுதப்படாத ஒரு தாவல். ஒரு டீபக்கரைத் தாமே எழுதிப் பார்ப்பவர்களை முதலில் தடுக்கிவிடும் இடம் இதுதான். ஏஆர்எம் 64 பிட் புரொசசரில் இந்தக் கழித்தல் கிடையாது. அங்கே எல்லாக் கட்டளைகளும் நான்கு பைட், நின்றதும் முகவரி பிரேக்பாயிண்ட்டின் மேலேயே இருக்கும். ரிஸ்க்-வியில் நான்கு பைட் கட்டளை ஒன்று, சுருக்கப்பட்ட இரண்டு பைட் கட்டளை ஒன்று என இரண்டு வடிவங்கள். ஒரு மேடையில் தேறிய டீபக்கர் இன்னொன்றிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒன்றே போதும்.

இடத்தின் கேள்விக்கு வருவோம். பெயரைச் சொல்லி வைத்த பிரேக்பாயிண்ட் ஃபங்ஷனின் முதல் பைட்டில் விழவில்லை, பதினாறாவதில் விழுந்தது. ஜிடிபி தொடக்கச் சடங்குகளைத் தாண்டிப் போய் நிற்கிறது. காரணம் உண்டு. பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டு முதல் பைட்டிலேயே நிறுத்தி, வந்த மதிப்பு என்ன என்று கேளுங்கள். 6 என்று வராது, ஏதோ ஒரு குப்பை எண் வரும். மதிப்பை ஸ்டாக்கில் சேமிக்கும் கட்டளை இன்னும் ஓடவில்லை, டீபக்கரோ அங்கேதான் போய்ப் பார்க்கிறது. 'டீபக்கர் தப்பான மதிப்பைக் காட்டுகிறது' என்று வரும் புகார்களில் ஒரு பங்கு, சரியான மதிப்பைச் சீக்கிரமாகவே கேட்டுவிட்டவர்களுடையது.

வரி எண்ணுக்கும் முகவரிக்கும் இடையிலான உறவை, கம்பைலர் எழுதிவைக்கும் வரி அட்டவணை சொல்கிறது. லினக்ஸ் உலகில் அது டுவார்ஃப் என்ற வடிவத்தில் இருக்கும். அட்டவணை ஒன்றுக்கு ஒன்று என்ற உறவல்ல. ஃபார் லூப்பின் தலைவரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க மதிப்பு, நிபந்தனை, கூட்டல் மூன்றும் ஒரே வரியில் இருந்தாலும் எந்திரக் கட்டளைகளில் மூன்று வேறு இடங்களில் சிதறிக்கிடக்கும். அந்த வரியில் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டுப் பத்து முறை நிற்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஜிடிபி ஒரே முறைதான் நிற்கும், தொடக்க மதிப்பு வைக்கும் இடத்தில். ஒவ்வொரு சுற்றிலும் நிற்க வேண்டுமானால் லூப்பின் உடலுக்குள் வைக்க வேண்டும். இதைக் கருவியின் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரியைத் தொட்டால் வரி முழுவதும் நம் பிடியில் என்று திரை தரும் தோற்றம் தவறு.

முகவரியைச் சொல்லி வைப்பவர்களுக்கு வேறொரு பொறி. இப்போதைய லினக்ஸ் விநியோகங்கள் நிரலை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏற்றும்படி கம்பைல் செய்கின்றன. ஓடுவதற்கு முன்னால் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் ஃபங்ஷன் ஹெக்ஸில் 1139 போன்ற சின்ன முகவரியில் இருப்பதாகத் தெரியும். அந்த எண்ணில் பிரேக்பாயிண்ட் வைத்து ஓடவிட்டால், அந்த இடத்து நினைவகத்தைத் தொட முடியவில்லை என்று ஜிடிபி கைவிரிக்கும். நிரல் ஏறியதோ 555555554000 என்ற அடிமுகவரியில். ஜிடிபி முகவரிக் குலுக்கலை அணைத்துவிட்டு ஓட்டுவதால் இந்த ஐந்துகளின் வரிசை ஒவ்வொரு முறையும் அப்படியே வரும். பெயர் சொல்லி வைத்திருந்தால் ஜிடிபியே கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வாக்கு, ஒவ்வொரு முறையும் நிற்பது. ஆறின் ஃபாக்டோரியலுக்குள் நுழைவில் ஆறு நிறுத்தங்கள் வர வேண்டும், 6இல் தொடங்கி 1 வரை. 'ஒன்றைவிடப் பெரிது' என்ற கிளைக்குள் வைத்தால் ஐந்து. கடைசி நிறுத்தத்தில் ஸ்டாக்கை விரித்தால் ஆறு ஃபாக்டோரியல் ஃப்ரேம்களும் அடியில் மெயினும். ரிகர்ஷன் இல்லாத நிரலால் சோதிக்க முடியாத ஒரு விஷயம் இங்கே கிடைக்கிறது. 6க்கான ஃப்ரேமில் நின்று, பிரேக்பாயிண்ட்டை நீக்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போ என்கிறோம். உள்ளே போகும் அழைப்பைத் தாண்ட, அது திரும்பி வரும் முகவரியில் டீபக்கர் நமக்குத் தெரியாமல் ஒரு தற்காலிகப் பிரேக்பாயிண்ட் வைக்கும். ஆனால் அந்த முகவரிக்கு முதலில் திரும்பி வருவது நம் ஃப்ரேம் இல்லை. 2க்கான அழைப்பு, 3க்கான அழைப்பு என்று ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக அதே முகவரிக்குத்தான் திரும்பும். எல்லாம் ஒரே ஃபங்ஷன்தானே. டீபக்கர் ஒவ்வொரு முறையும் நின்று, ஸ்டாக்கைப் பார்த்து, 'இது நான் காத்திருந்த ஃப்ரேம் இல்லை' என்று விட்டுவிட வேண்டும். அந்தச் சோதனை தவறினால் பயனர் 6இல் ஒரு வரி நகர்ந்ததாக நினைப்பார், திரையில் 2 நிற்கும். ஃபாக்டோரியல் நிரலின் அருமை இதில்தான். எந்த ஃப்ரேம் என்பதை மதிப்பே சொல்லிவிடுகிறது.

நிபந்தனை வைத்த பிரேக்பாயிண்ட்டுகளில் சிலருக்கு மட்டும் தெரிந்த குழி ஒன்று. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டும் லூப், விடை 55. ஐ என்ற வேரியபிள் 3 ஆகும்போது நிற்கச் சொல்ல வேண்டும். இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றை மட்டும் தட்டிவிட்டால் ஜிடிபி மறுப்புச் சொல்லாது. நிபந்தனை என்பது அதற்கு சி மொழிக் கோவைதான், ஒற்றைச் சமக்குறி சி மொழியில் மதிப்பை வைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் ஐயில் 3 எழுதப்படும், 3 பூஜ்யமல்ல என்பதால் நிபந்தனை உண்மையாகும், நிற்கும். தொடரச் சொன்னால் ஐ 4 ஆகி, லூப் தலைக்குப் போய், உடலுக்குள் வந்ததும் மறுபடி 3. லூப் முடியவே முடியாது, 55 அச்சாகவே ஆகாது. திரையைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு: ஐ 3ஆக இருக்கும்போதெல்லாம் நிற்கிறது, கேட்டதும் அதுதானே! டீபக்கரின் வாசகத்தை மட்டும் ஒப்பிடும் சோதனை இங்கே 'தேறியது' என்று எழுதிவிட்டுப் போய்விடும். விடை வந்ததா என்று நிரலிடம் கேட்கும் சோதனைதான் பிடிக்கும்.

நிபந்தனைக்கு விலையும் உண்டு. நிபந்தனை பொய்யாகும் சுற்றுகளிலும் நிரல் உண்மையில் நிற்கிறது. 204 வெடிக்கும், இயங்குதளம் டீபக்கரை எழுப்பும், டீபக்கர் மதிப்பைப் படித்து வேண்டாம் என்று முடிவுசெய்யும், பழைய பைட், ஒற்றைக் கட்டளை ஓட்டம், இன்னொரு நிறுத்தம், திரும்ப 204. சில லட்சம் சுற்றுள்ள லூப்பில் இதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நிரலிலேயே ஒரு இஃப் எழுதி அதற்குள் வெறும் பிரேக்பாயிண்ட் வைப்பது அநாகரிகமாகத் தெரிந்தாலும் பல மடங்கு வேகம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆப்டிமைசேஷன் இல்லாத உலகம். ஓ2 நிலையில் கம்பைல் செய்ததும் காட்சி மாறிவிடும். ஜிசிசி நம் ரிகர்ஷனை லூப்பாக மாற்றிவிடும். ஆறு முறை நின்ற பிரேக்பாயிண்ட் ஒரே முறை நிற்கும், ஸ்டாக்கில் ஒரே ஃப்ரேம். விடை 720 மட்டும் மாறாது. எழுதியதைவிடப் புத்திசாலியான ஒரு நிரல் ஓடுகிறது, நாம் எழுதியது ஓடவில்லை. சோதனை நிரலில் 6ஐ நேரடியாகத் தராமல் ஏடிஓஐ வழியாகத் தருவதன் பலன் இங்கே தெரியும். நேரடி எண் என்றால் கம்பைலர் கணக்கையே போட்டு முடித்து 720ஐ எழுதிவிடும் வாய்ப்புண்டு. பிரேக்பாயிண்ட் வைக்க ஃபங்ஷனே மிஞ்சாது. மார்க்கர் ஃபங்ஷன்கள் தனிக் கோப்பில் இருப்பதும் அவ்வாறே உதவுகிறது. கண்ணில் படாததைக் கம்பைலரால் கரைத்துவிட முடியாது. ஃபங்ஷன் அழைத்தவரின் உடலிலேயே கரைந்துபோகும்போது ஜிடிபி ஒரு பெயருக்குப் பல இடங்களில் பிரேக்பாயிண்ட் வைத்து, 1.1, 1.2 என்று எண்ணிட்டுச் சமாளிக்கும். வேரியபிளைக் கேட்டால், ஆப்டிமைஸ் ஆகி மறைந்துவிட்டது என்ற பதில் வரும். அது நேர்மையான பதில். பழைய மதிப்பைப் புதியதுபோல் காட்டுவதுதான் ஆபத்து. அந்த ஆபத்தை 1982லேயே ஜான் ஹென்னஸி விரிவாக ஆராய்ந்து எழுதினார். ரிஸ்க் புரொசசர்களுக்காகப் பின்னாளில் டூரிங் விருது பெற்ற அதே ஹென்னஸிதான். ஜிசிசி 2013இல் ஓஜி என்ற நடுவழி நிலையைக் கொண்டுவந்தது. டீபக் செய்வதற்குத் தொந்தரவில்லாத ஆப்டிமைசேஷன்களை மட்டும் செய்யும் நிலை அது.

த்ரெட்டுகள் வந்தால் இரண்டாவது வாக்கு நேரடியாகவே ஆட்டம் காண்கிறது. பிரேக்பாயிண்ட்டைத் தாண்ட டீபக்கர் பழைய பைட்டை வைக்கும் அந்த ஒரு கணத்தில், இன்னொரு த்ரெட் அதே இடத்தை நிற்காமல் கடந்துவிடலாம். சாவி வாங்கி உள்ளே போகிறவர் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது பின்னாலேயே இன்னொருவர் நுழைவதைப் போல. இதைத் தவிர்க்க ஒரு வழி, தாண்டி முடிக்கும்வரை மற்ற த்ரெட்டுகளை நிறுத்திவைப்பது. மற்றொரு வழி, 204ஐ எடுக்காமலே, மூலக் கட்டளையின் பிரதியை வேறோர் இடத்தில் வைத்து ஓட்டிவிட்டு, முகவரியைச் சரிசெய்வது. இரண்டாவதில், தன் இருப்பிடத்தைக் கணக்கில்கொண்டு மதிப்பைத் தேடும் கட்டளைகளைத் திருத்தி எழுத வேண்டும் என்ற தலைவலி உண்டு. சோதிப்பது சுலபம். இரண்டு த்ரெட்டுகள் ஒரே ஃபங்ஷனைப் பல்லாயிரம் முறை அழைக்கட்டும், ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கையைத் தனியே வைத்திருக்கட்டும். பிரேக்பாயிண்ட்டைப் பெரிய எண்ணிக்கைவரை கண்டுகொள்ளாமல் விடும்படி அமைத்துவிட்டு, முடிவில் ஜிடிபி சொல்லும் மொத்தத்தை நிரல் அச்சிடும் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு த்ரெட் நழுவியிருக்கிறது.

ஃபோர்க் இன்னொரு சங்கடம். குழந்தைப் பிராசஸ் பெற்றோரின் நினைவகத்தை அப்படியே பெறும், 204 உட்பட. குழந்தையை டீபக்கர் கண்காணிக்கவில்லை என்றால் அந்த 204ஐச் சந்தித்த கணத்தில் யாரும் பிடிக்காத சிக்ட்ராப் அதைக் கொன்றுவிடும். ஆகவே விட்டுவிடும் முன் குழந்தையின் நினைவகத்தில் எல்லா பிரேக்பாயிண்ட்டுகளையும் துடைக்க வேண்டும். விஃபோர்க்கில் இருவரும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் குழந்தைக்காகத் துடைத்தால் பெற்றோருக்கும் போய்விடும். குழந்தை எக்செக் செய்து விலகியதும் திரும்ப வைக்க வேண்டும். பிரேக்பாயிண்ட் வைத்த ஃபங்ஷனைக் குழந்தையில் அழைத்து, அது ஒழுங்காக முடிந்ததா, சிக்னலால் செத்ததா என்று வெயிட் மூலம் பெற்றோர் அச்சிட்டால் போதும். பத்துப் பதினைந்து வரியில் முடிகிற சோதனை.

பைட்டை மாற்றாமல் நிறுத்தும் வழியும் இருக்கிறது. 1985இன் இன்டெல் 80386 முதல் புரொசசருக்குள்ளேயே டீபக் ரெஜிஸ்டர்கள் உண்டு, முகவரி வைக்க நான்கு. நம் பைட் அச்சிடும் நிரலில் வன்பொருள் பிரேக்பாயிண்ட் வைத்தால் கடைசி எண் 131ஆகவே இருக்கும், நிறுத்தமும் நடக்கும். இந்த ரெஜிஸ்டர்களின் உண்மையான பெருமை, ஒரு மதிப்பு மாறும்போது நிறுத்தும் வாட்ச்பாயிண்ட். ரெஜிஸ்டர்களில் அடங்காத மதிப்பு என்றால் ஜிடிபி ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் வழிக்கு இறங்கும், அது நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஐந்து உலகளாவிய வேரியபிள்களுக்கு ஐந்து வாட்ச்பாயிண்ட் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது ஜிடிபி தலையாட்டும், தொடரச் சொல்லும்போதுதான் ஐந்தாவதை வைக்க முடியவில்லை என்று சொல்லும். ஏற்கெனவே 5 இருக்கும் இடத்தில் மறுபடி 5 எழுதினால் சாதாரண வாட்ச்பாயிண்ட் நிற்காது என்பதையும் சோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது. எழுதப்பட்டதா என்று அது பார்ப்பதில்லை, மாறியதா என்றே பார்க்கிறது.

மைக்ரோகன்ட்ரோலர்காரர்களுக்கு இந்தப் பற்றாக்குறை அன்றாடப் பாடு. அங்கே நிரல் ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து ஓடும், நினைத்தபோது ஒரு பைட்டை மட்டும் மாற்றிவிட முடியாது. கார்டெக்ஸ்-எம்3இல் கட்டளைகளுக்கான ஒப்பீட்டு அலகுகள் ஆறு. கார்டெக்ஸ்-எம்0இல் அதிகபட்சம் நான்கு. ஜே-லிங்க் போன்ற கருவிகள் ஃப்ளாஷையே அழித்து எழுதி எத்தனை பிரேக்பாயிண்ட் வேண்டுமானாலும் தருகின்றன. 10,000 முறை அழிப்பதற்கே உத்தரவாதமுள்ள சில்லுகள் சந்தையில் நிறைய இருக்கும்போது, நிபந்தனைப் பிரேக்பாயிண்ட்டை யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

டீபக்கர்களைச் சோதிப்பதைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். கம்பைலர்களுக்கு இந்தக் கவனம் முன்பே கிடைத்தது. யூட்டா பல்கலைக்கழகத்தின் சிஸ்மித் என்ற கருவி 2011இல் தற்செயல் சி நிரல்களை உருவாக்கிக் கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்துக் காட்டியது. 2018இல் லேமன், பிராடல் இருவரும் ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் ஆகியவற்றின் ஜாவாஸ்கிரிப்ட் டீபக்கர்களுக்கு ஒரே கட்டளைத் தொடரைக் கொடுத்து, பதில்கள் எங்கே பிரிகின்றன என்று பார்த்தார்கள். 2021இல் இன்னொரு குழு சி நிரல்களை ஆப்டிமைசேஷனோடும் இல்லாமலும் கம்பைல் செய்து, டீபக்கரில் வரி வரியாக நடத்தி, ஆப்டிமைஸ் செய்த பிரதி சாத்தியமே இல்லாத வரியில் நிற்கிறதா, இருக்க முடியாத மதிப்பைக் காட்டுகிறதா என்று தேடியது. நல்ல வழிகள், பலனும் தந்தவை. ஆனால் இவை பெரும்பாலும் டீபக்கர் சொல்வதை டீபக்கர் சொல்வதோடு ஒப்பிடுபவை. இரண்டு டீபக்கர்களும் ஒரே தப்பைச் செய்தால் ஒப்பீடு மௌனமாகிவிடும். தன் பைட்டுகளைத் தானே அச்சிடும் நிரல், தன் எண்ணிக்கையைத் தானே வைத்திருக்கும் த்ரெட், குழந்தை எப்படிச் செத்தது என்று சொல்லும் பெற்றோர் போன்ற எளிய சாட்சிகளுக்கு இந்த ஆய்வுகளில் இன்னும் போதிய இடமில்லை என்பது என் குறை.

டீபக்கர்கள் மட்டுமல்ல, முக்கிய இயங்குதளங்கள் பலவும் ஒரே தப்பைச் செய்த கதையும் உண்டு. ஸ்டாக் செக்மென்ட் ரெஜிஸ்டரில் மதிப்பு ஏற்றும் கட்டளைக்கு இன்டெல் வகைப் புரொசசர்களில் ஒரு தனி விதி. அதற்கு அடுத்த கட்டளை முடியும்வரை குறுக்கீடுகளும் டீபக் நிறுத்தங்களும் ஒத்திவைக்கப்படும். ஏற்ற வேண்டிய மதிப்பு இருக்கும் முகவரியில் ஒரு வாட்ச்பாயிண்ட் வைத்து, அடுத்த கட்டளையாக இயங்குதளத்துக்குள் நுழையும் ஒன்றை வைத்தால், ஒத்திவைத்த நிறுத்தம் கெர்னலின் முதல் கட்டளைக்கு முன்னால், கெர்னலின் அதிகாரத்தோடு வெடிக்கும். 2018 மே மாதம் இது வெளியானபோது விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றுக்கும் ஒருசேரத் திருத்தம் வந்தது. புரொசசர் கையேட்டில் அந்த இடத்தை இவர்கள் எல்லோருமே சரியாகப் புரிந்துகொள்ளாமல் விட்டிருந்தார்கள். லினக்ஸ் கெர்னலின் சோதனைத் தொகுப்பில் இன்று இதற்கும் ஒரு சின்ன சி நிரல் இருக்கிறது. தன்மேல் தானே வாட்ச்பாயிண்ட் வைக்க ஏற்பாடு செய்துகொண்டு, அந்த ரெஜிஸ்டரை ஏற்றி, உடனே ஒவ்வொரு வாசல் வழியாகவும் கெர்னலுக்குள் நுழைந்து பார்க்கும். தேறியதா என்று தெரிந்துகொள்ள வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இயந்திரம் நின்றுபோகாமல் இருந்தால், நான் இன்னும் சாகவில்லை என்ற பொருளில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டு முடியும்.